டெல்டாவுக்கு எந்த மாதிரி ஆப்டிகல் பேக்போன்?

ஊர்களின் இணையச் சுமையை எல்லாம் சேர்த்துப் பெருநகரத்துக்குக் கொண்டுபோகும் முதுகெலும்பு ஃபைபர் லைன்தான் ஆப்டிகல் பேக்போன். காவிரி டெல்டாவில் அந்த ஃபைபர் அறுபடுவதற்கென்றே ஒரு பருவம் உண்டு. ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பது மரபு. அதற்குள் ஆறு, வாய்க்கால், வடிகால் எல்லாவற்றையும் தூர்வாரி முடித்தாக வேண்டும் என்பதால் கோடை முழுக்கப் பொக்லைன்கள் ஓடிக்கொண்டே இருக்கும். சாதாரண மண்ணில் 1.65 மீட்டர் ஆழத்தில் குழாய் பதிக்க வேண்டும் என்பது கேபிள் ஒப்பந்தங்களில் வழக்கமான விதி. ஆனால் எங்கிருந்து 1.65? வாய்க்காலில் ஒரு மீட்டர் வண்டல் சேர்ந்திருந்த நாளில் மேலிருந்து அளந்து பதித்திருந்தால், தூர்வாரிய பிறகு மிஞ்சுவது 65 சென்டிமீட்டர். அடுத்த ஆண்டு கொஞ்சம் ஆழமாக அள்ளினால் 40 மி.மீ. ஹெச்டிபிஇ (பிளாஸ்டிக்) குழாயும் அதற்குள் இருக்கும் 96 இழைகளும் பொக்லைன் பல்லில் தொங்கும்.

பேக்போன் வடிவமைப்புப் பேச்சு பெரும்பாலும் பெட்டிகளில்தான் ஆரம்பிக்கிறது. ரௌட்டரிலேயே ஒளி மாட்யூலைச் (மின் சிக்னலை ஒளியாக்கும் சின்னக் கருவி) செருகிவிடலாமா, ரோடம் (ஒரே இழையில் போகும் பல அலைநீளங்களை ஒளியாகவே பிரித்து அனுப்பும் பெட்டி) வேண்டுமா, ஓடிஎன் ஸ்விட்ச் (சின்ன சர்க்யூட்களை அடுக்கி அனுப்பும் பெட்டி) தேவையா, சி பேண்ட் (1550 நானோமீட்டரை ஒட்டிய அலைநீளப் பட்டை) போதுமா, அதை அடுத்த எல் பேண்டையும் சேர்க்கலாமா என்று. டெல்டாவில் இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் பாதை, அடுத்து இருப்பதிலேயே நீளமான ஸ்பான் (இரண்டு நிலையங்களுக்கு நடுவிலான ஃபைபர் துண்டு), அப்புறம் கரன்ட், கடைசியில்தான் பெட்டி. முதல் மூன்றையும் சரியாகப் போட்டுவிட்டால் நாலாவதற்கான விடை தானாகவே வந்துவிடும்.

கொள்ளிடத்தை எத்தனை இடத்தில் தாண்டுகிறோம்?

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, பிறகு ஒவ்வொன்றும் கிளைத்துக் கிளைத்து கிழக்கே போகிறது. சாலையும் ஊரும் கரையோரமாகவே வளர்ந்திருப்பதால் கிழக்கு மேற்காகக் கேபிள் போடுவது எளிது. திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று ஒரே வரிசை. தெற்கு வடக்காகப் போகும்போதுதான் சிக்கல். மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் ஏறக்குறைய 40 கி.மீ.தான். அதற்குள் வீரசோழன், அரசலாறு, முடிகொண்டான் என்று ஆறுகள், நடுவே எண்ணி மாளாத வாய்க்கால்கள். ஒவ்வொரு கடப்பும் ஒரு பலவீனமான புள்ளி.

எல்லாவற்றிலும் பெரிய கடப்பு கொள்ளிடம். டெல்டாவிலிருந்து சென்னைக்குப் போகிற எந்த கேபிளும் அதைத் தாண்டியாக வேண்டும். தாண்டுவதற்கு இருக்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: திருச்சி, திருமானூர், நீலத்தநல்லூர், அணைக்கரை, சீர்காழிக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே உள்ள பாலங்கள். பாலத்தின் கைப்பிடிச் சுவரோடு ஜிஐ பைப்பை கிளாம்ப் போட்டுக் கேபிளைக் கொண்டுபோவதுதான் மலிவான வழி, அதனால் எல்லாரும் அதையே செய்கிறார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்துத் தூண்கள் சரிந்ததை நினைவில் வைத்துக்கொண்டு இந்த வழக்கத்தைப் பார்க்க வேண்டும். பாலத்தை நம்பிய கேபிளின் ஆயுள் பாலத்தின் ஆயுள்தான்.

மாற்று வழி, ஆற்றுப் படுகைக்கு அடியில் ஹெச்டிடி (படுக்கைவாட்டில் துளையிடும்) எந்திரத்தால் துளையிட்டுக் குழாயை இழுப்பது. கொள்ளிடத்தில் இது வாய்க்கால் வேலை மாதிரி இல்லை. மணல் படுகையில் துளை சரியும், அதைத் தாங்க பென்டோனைட் களிமண் கலவை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ள காலத்தில் மணல் எவ்வளவு ஆழம் அரிக்கும் என்பதைப் பார்த்து அதற்குக் கீழே பல மீட்டர் போக வேண்டும். மணல் அள்ளிப் படுகையே தாழ்ந்துபோன இடங்களில் பழைய வரைபடத்தின் மட்டத்தை நம்பவே கூடாது. செலவு பிடிக்கும் வேலைதான். இருந்தாலும் இரண்டு கடப்புகளில் ஒன்றாவது இப்படி இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

விற்பனைக்கு வருகிறவர்கள் இரண்டு நிறத்தில் கோடு போட்டு ‘டைவர்ஸ் பாத்’ (ஒன்றையொன்று சாராத பாதைகள்) என்று காட்டுவார்கள். திருச்சியிலிருந்து சென்னைக்கு கார்டு லைன் ஓரமாக ஒன்று, தஞ்சாவூர் வழியாக மெயின் லைன் ஓரமாக இன்னொன்று. அழகாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு ரயில் பாதைகளும் விழுப்புரத்தில் சேர்ந்துவிடுகின்றன. அங்கிருந்து எழும்பூர் வரை 159 கி.மீ. ஒரே தடம். கேபிள் வேறுவேறாக இருக்கலாம், ஒன்று தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்றும் சொல்லலாம். ஒரே வெள்ளம், ஒரே சாலை அகலப்படுத்தும் பணி இரண்டையும் தொடும் என்றால் கணக்கில் அது ஒரு பாதைதான். உண்மையான இரண்டாவது பாதை கடலூரிலிருந்து விழுப்புரம் திரும்பாமல் புதுச்சேரி, மரக்காணம், மாமல்லபுரம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போவது. அது புயல் பாதை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையேறியது கடலூர், புதுச்சேரிப் பக்கம்தான். எனவே மூன்றாவதாக திருச்சியிலிருந்து மேற்கே கரூர், சேலம் வழியாக பெங்களூருக்கு ஒரு வாசல் இருப்பது நல்லது. அதன் கொள்ளளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

ஒரு ஸ்பான் மொத்தத்தையும் கெடுக்கும்

ஒளி ஃபைபரில் போகப் போக மங்கும். எர்பியம் கலந்த ஆம்ப்ளிஃபையர் அதைத் தூக்கிவிடும், ஆனால் தன் பங்குக்கு இரைச்சலையும் சேர்க்கும். உள்ளே வரும் ஒளி எவ்வளவு மங்கலோ அவ்வளவுக்கு இரைச்சலின் பங்கு கூடும். கல்யாண வீட்டில் மைக்கிலிருந்து தள்ளி நின்று பேசுகிறவருக்காக வால்யூமை ஏற்றினால் பேச்சைவிட ‘உஸ்’ சத்தம்தான் பெரிதாகும், அதே கதை. சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இந்த விகிதம்தான் ஓஎஸ்என்ஆர், கூடினால் நல்லது.

கணக்கு எளிது. ஒரு ஸ்பானுக்கு: 58 என்ற மாறிலி, கூட்டல் அலைநீளம் ஒன்றுக்கான லாஞ்ச் பவர் (ஃபைபருக்குள் செலுத்தும் ஒளியின் சக்தி), கழித்தல் ஸ்பான் இழப்பு, கழித்தல் ஆம்ப்ளிஃபையரின் நாய்ஸ் ஃபிகர் (அது சேர்க்கும் இரைச்சலின் அளவு). எல்லாம் டெசிபலில். பல ஸ்பான் இருந்தால் ஒவ்வொன்றின் விடையையும் நேரியல் எண்ணாக மாற்றி, தலைகீழாக்கிக் கூட்டி, மறுபடி டெசிபலுக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்ப்ரெட்ஷீட்டில் பத்து வரி.

மெயின் லைன் பாதைக்குப் போட்டுப் பார்க்கலாம். கேபிள் எப்போதும் தண்டவாளத்தைவிடக் கொஞ்சம் நீளம். சேம்பருக்குச் சேம்பர் (கேபிள் இணைப்புக் குழி) சுருட்டி வைத்த உபரி இருக்கும். திருச்சி–தஞ்சாவூர் 55 கி.மீ., தஞ்சாவூர்–கும்பகோணம் 42, கும்பகோணம்–மயிலாடுதுறை 34, மயிலாடுதுறை–சிதம்பரம் 40, சிதம்பரம்–கடலூர் 46, கடலூர்–விழுப்புரம் 50, விழுப்புரம்–செங்கல்பட்டு 110, செங்கல்பட்டு–சென்னை 60 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 437 கி.மீ. புது ஜி.652டி (வழக்கமான ரக) ஃபைபர் 1550 நானோமீட்டரில் கி.மீ.க்கு 0.20 டெசிபல் இழக்கும். இணைப்புகளையும் வயதையும் சேர்த்து 0.25 என்று போடுவதுதான் நேர்மை. லாஞ்ச் பவர் 0 டிபிஎம் (ஒரு மில்லிவாட்), நாய்ஸ் ஃபிகர் 5.5.

டெல்டாவின் ஸ்பான்கள் தனித்தனியே 38-லிருந்து 44 டெசிபல் வரை தருகின்றன, அமோகம். விழுப்புரம்–செங்கல்பட்டு மட்டும் 27.5 டெசிபல் இழந்து 25 தருகிறது. எட்டையும் கூட்டினால் கிடைப்பது 24.2. அந்த ஒரு ஸ்பானை எடுத்துவிட்டால் மீதி ஏழும் சேர்ந்து ஏறக்குறைய 32. ஊருக்கு ஊர் 40 கி.மீ. என்று நெருக்கமாக அமைந்த டெல்டா கொடுத்த வரத்தை, வடக்கே ஒரே ஒரு வெற்றிடம் வாங்கிக்கொண்டு போகிறது.

தீர்வு இரண்டு. திண்டிவனத்தில் ஒரு ஆம்ப்ளிஃபையர் குடில் போட்டு 110-ஐ 40, 70 என்று உடைத்தால் மொத்தம் 29.9-க்கு ஏறும். குடில் வேண்டாம் என்று அந்த ஸ்பானில் ராமன் ஆம்ப்ளிஃபையர் (ஃபைபரையே பெருக்கியாக மாற்றுவது) வைத்தால், அது ஐந்து டெசிபல் நன்மை தருவதாகக் கொண்டாலும், மொத்தம் 27.8 வரைதான் வரும். ராமனில் இன்னொரு தொல்லை: நூற்றுக்கணக்கான மில்லிவாட் பம்ப் ஒளி ஃபைபருக்குள் எதிர்த்திசையில் போகும். நிலையத்தை ஒட்டிய முதல் 20 கி.மீ. ஃபைபர் சுத்தமாக இருந்தால்தான் அது வேலை செய்யும். கனெக்டர் முகத்தில் ஒரு தூசி இருந்தால் அந்த இடமே கருகிவிடும். கேபிள்கள் அதிகம் அறுபடுவதும் ஊருக்குள் நுழையும் அந்த முதல் சில கி.மீ.யில்தான். பாலம், சாக்கடை, சாலை அகலப்படுத்தல் என்று எப்போதும் தோண்டிக்கொண்டிருக்கும் நம் ஊர்களுக்கு ராமன் பொருந்தாது. இடமும் மின்சாரமும் கிடைக்காத காட்டு வழிக்கு அது நல்ல கருவி. திண்டிவனம் காடு இல்லையே.

பவரைக் கூட்டி ஓஎஸ்என்ஆரை ஏற்றலாமே என்று தோன்றும். ஓரளவு வரைதான். கெர் விளைவால் (பவர் ஏறும்போது கண்ணாடியின் ஒளிவிலகல் மாறுவது) ஒளியே ஒளியைக் கெடுக்கும். அந்த இரைச்சல் பவரின் மூன்றாம் அடுக்காக ஏறும். ஆம்ப்ளிஃபையர் இரைச்சல் இந்த நான்லீனியர் இரைச்சலைப்போல் இரண்டு மடங்காக இருக்கும் புள்ளிதான் உச்சம். அதற்கு மேல் ஏற்றினால் நஷ்டம். ஸ்பான்களைச் சின்னதாக உடைக்கும்போது இந்த உச்சப் புள்ளி கீழே இறங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இதே 437 கி.மீ.யை ஐந்து சம ஸ்பான்களாகப் போடுவதையும் எட்டுச் சம ஸ்பான்களாகப் போடுவதையும் ஒப்பிட்டால், காகிதத்தில் 6 டெசிபல் லாபம் தெரியும். நான்லீனியர் இரைச்சலையும் சேர்த்து, லாஞ்ச் பவரை 2.7 டெசிபல் இறக்கி உச்சத்தில் வைத்தால் கையில் கிடைப்பது 3.5 டெசிபல். அதுவும் நல்ல லாபம்தான்.

ஆம்ப்ளிஃபையருக்குக் குறைந்தபட்ச கெயின் என்று ஒன்று உண்டு. 34 கி.மீ. ஸ்பானின் 8.5 டெசிபல் இழப்புக்கு அது அதிகமாகப் போய்விடும். அட்டெனுவேட்டர் போட்டு வேண்டுமென்றே ஒளியைக் குறைக்க நேரும். மயிலாடுதுறையில் ஆம்ப்ளிஃபையரே வைக்காமல் கும்பகோணத்திலிருந்து நேரே சிதம்பரம் போனால் மொத்தத்தில் இழப்பது சுமார் 1.1 டெசிபல்தான். ஆனால் மயிலாடுதுறையில் திருவாரூர் பக்கம் கிளை பிரிகிறது, அங்கே எப்படியும் ஒரு ரோடம் வேண்டியிருக்கும். இரண்டு ரோடங்களை, மயிலாடுதுறையிலும் விழுப்புரத்திலும், நடுவில் சேர்த்தால் 29.9 சுமார் 29.2 ஆகும். ரோடங்களின் ஃபில்டர் சிக்னலின் ஓரத்தைக் குறுக்குவதற்கு 1, நான்லீனியருக்கு 1 முதல் 1.5, பழுதுபார்ப்புக்கு 3 கழித்தால் மிஞ்சுவது 24-ஐ ஒட்டி. ஓப்பன் இசட்ஆர் ப்ளஸ் (ரௌட்டரில் செருகும் தூரப் பாதைக்கான தரம்) மாட்யூல் 400ஜி-க்கு (நொடிக்கு 400 கிகாபிட்) கேட்பது சுமார் 24. அதாவது திருச்சி–சென்னை நடுவில் எங்கும் மின்னணுவாக மாற்றாமல் 400ஜி போகும், ஆனால் விளிம்பில். திண்டிவனம் குடில் இல்லையென்றால் போகாது. 300ஜி-க்கு சுமார் 21, 200ஜி-க்கு 16 போதும் என்பதால் அந்த வேகங்களுக்கு இறங்க வேண்டியிருக்கும்.

கடற்கரைப் பாதைக்கு மாற்றினாலும் ஸ்பான்கள் ஏறக்குறைய இதே அளவில்தான் விழும். மரக்காணத்திலும் மாமல்லபுரத்திலும் ஆம்ப்ளிஃபையர் வைத்தால் போதும்.

பழுதுபார்ப்புக்கு ஏன் 3 டெசிபல்? ஒரு கட் என்றால் ஒரு இணைப்பு என்று நினைத்துவிடக் கூடாது. அறுந்த இரண்டு முனையும் சேராது, நடுவில் புதுத் துண்டு கேபிள் வைக்க வேண்டும், ஆகவே இரண்டு ஸ்ப்ளைஸ். நல்ல எந்திரத்தில் தலா 0.05. இரவில், மழையில், தேய்ந்த எலக்ட்ரோடில் 0.1 தாண்டும். ஒரே ஸ்பானில் பத்து கட் ஆனால் 1 முதல் 2 டெசிபல் போயிற்று. வாய்க்காலில் அறுந்தால் கரையிலேயே இணைப்பைப் போட்டு முடிக்கக் கூடாது. கடப்பின் முழு நீளத்துக்கும் புதுக் கேபிளை இழுத்து, இரண்டு ஜாயின்ட்களையும் கரைக்கு வெளியே, பொக்லைன் வராத பட்டா எல்லைப் பக்கம் வைக்க வேண்டும். படுகைக்குள் ஜாயின்ட் பெட்டி இருந்தால் தண்ணீர் புகும், வண்டல் புகும், அடுத்த ஆண்டு அதே இடத்தில் நிற்க வேண்டியிருக்கும்.

ரௌட்டரா, ரோடமா, ஓடிஎன்னா

முதல் வழி: ஒவ்வொரு ஊரிலும் ரௌட்டர், ஊருக்கு ஊர் 400ஜி மாட்யூல், எல்லாப் பொட்டலமும் எல்லா ரௌட்டரிலும் ஏறி இறங்கும். எளிமையான வடிவம், ஐபி தெரிந்தவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம். 2020-ல் வந்த 400இசட்ஆர் தரம் இதற்காகவே பிறந்தது. ஆனால் அதன் எல்லைகளைப் படிக்காமல் வாங்குகிறார்கள். ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் அது தாங்கும் இழப்பு 11 டெசிபல். தஞ்சாவூர்–கும்பகோணம் 42 கி.மீ.க்கு ஃபைபர் மட்டுமே 10.5. இரண்டு முனையிலும் ஓடிஎஃப் (கேபிள் வந்து முடியும் சட்டம்) பேட்ச் கனெக்டர்கள் சேர்ந்து இன்னும் ஒன்று. இணைப்பு முதல் நாள் எழும்பலாம், முதல் கட்டுக்குப் பிறகு எழும்பாது. இந்த மாட்யூலின் வெளியீடு −10 டிபிஎம் அளவுதான். 0 டிபிஎம் தரும் உயர்சக்தி வகையை வாங்கினால் பத்து டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும், இந்த ஸ்பானுக்கு அதுதான் சரி. டிஸ்பெர்ஷனும் (ஒளித் துடிப்பு போகப் போக விரிவது) ஒரு சுவர். 400இசட்ஆர் தாங்குவது 2,400 பைக்கோசெகண்ட்/நானோமீட்டர், ஜி.652டி-யில் 140 கி.மீ. அளவு. திருச்சி–சென்னைக்கு 7,400 வேண்டும். ஓப்பன் இசட்ஆர் ப்ளஸ் 400ஜி-யில் 20,000 வரை தாங்கும். பழைய 10ஜி லைனை அப்படியே எடுத்துக்கொள்கிறவர்கள் நிலையங்களில் இருக்கும் டிஸ்பெர்ஷன் ஈடுசெய்யும் பெட்டிகளைக் கழற்றிவிட வேண்டும். கோஹெரன்ட் மாட்யூலுக்கு (இந்த 400ஜி மாட்யூல்கள் அந்த வகை, விரிவைத் தாமே சரிசெய்யும்) அவை தேவையில்லை, இழப்பைத்தான் கூட்டும்.

இரண்டாவது வழி: ரோடம் வைத்து, இறங்க வேண்டிய அலைநீளத்தை மட்டும் இறக்கி, மற்றதை ஒளியாகவே கடக்கவிடுவது. எட்டு ஸ்பான் பாதையில் ஒரு திருச்சி–சென்னை 400ஜி-க்கு முதல் வழியில் 16 மாட்யூல், 14 இடைப்பட்ட ரௌட்டர் போர்ட் தேவை. இதில் 2 மாட்யூல். மாட்யூல் ஒன்றுக்கு 20 வாட் என்றாலே 320 வாட்டுக்கு 40 வாட், ரௌட்டர் சிப்பின் மின்சாரம் தனி. ரோடமில் கலர்லெஸ் (எந்தப் போர்ட்டிலும் எந்த அலைநீளமும்), டைரக்ஷன்லெஸ் (எந்தத் திசைக்கும்), கன்டென்ஷன்லெஸ் (ஒரே அலைநீளம் இரண்டு மோதாமல்) என்று மூன்று அடைமொழியும் சேர்த்து விற்பார்கள். டெல்டாவில் மூன்று திசை பிரியும் இடம் தஞ்சாவூர், மயிலாடுதுறை மாதிரி ஒன்றிரண்டுதான். கலர்லெஸ் மட்டும் போதும், மற்ற இரண்டுக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது, ஓடிஎன் ஸ்விட்ச். 1.25 கிகாபிட் துண்டிலிருந்து 100ஜி வரை சின்னச் சின்ன சர்க்யூட்களை அடுக்கிக் கொண்டுபோக அருமையான சாதனம். வங்கிகளுக்கும் பழைய எஸ்டிஹெச் (தொலைபேசி வலைக் கால) இணைப்புகளுக்கும் நேரம் தவறாத லீஸ்டு லைன் விற்கிறவர்களுக்கு அது வேண்டும். வீட்டு பிராட்பேண்டும் மொபைல் டவர்களும்தான் சுமை என்றால் அது வேண்டாம்.

சுமை எவ்வளவு என்பதையும் தோராயமாகப் பார்த்துவிட வேண்டும். ஒரு லட்சம் வீட்டு இணைப்பு, இரவு ஒன்பது மணி உச்சத்தில் வீட்டுக்கு சராசரி 2.5 மெகாபிட் என்று வைத்தால் 250 கிகாபிட். அதில் பாதிக்கு மேல் வீடியோ. பெரிய நிறுவனங்களின் கேஷ் சர்வர்களை (அதிகம் கேட்கப்படுவதன் நகலை வைத்திருப்பவை) திருச்சியிலேயே வைக்க முடிந்தால் சென்னைக்குப் போவது 100 சொச்சம்தான். அலைநீளம் வாங்குவதற்கு முன் கேஷ் சர்வர் கேட்டு எழுதுங்கள், பல இடங்களில் அதுவே மலிவான ‘பேக்போன் விரிவாக்கம்’. இருபுறமும் வாசல் உள்ள வளையமாக இருந்தால் ஒரு பக்கம் அறுந்தபோது மறுபக்கம் முழுச் சுமையையும் தாங்க வேண்டும். எந்தப் பக்கமும் 50 சதவீதத்தைத் தாண்டவிடக் கூடாது. ரோடமே தானாக மாற்றுப் பாதை தேடும் வசதியை மட்டும் நம்பக் கூடாது. புதுப் பாதையில் ஆம்ப்ளிஃபையர்கள் நிலைபெறப் பல வினாடிகள், சில நேரம் நிமிடங்கள் ஆகும். ரௌட்டர் மட்டத்தில் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த மாற்று வழி 50 மில்லிசெகண்டில் மாறிவிடும்.

பேட்டரி சொல்லும் தீர்ப்பு

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது மண்ணுக்கடியில் இருந்த கேபிளைவிட மேலே இருந்த மின்கம்பங்களுக்குத்தான் பெரிய அடி. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. கம்பத்தில் கட்டிய கேபிள் கம்பத்தோடு போனது. புதைத்த ஃபைபர் நன்றாக இருந்தாலும் இரண்டு முனையிலும் கரன்ட் இல்லையென்றால் வெறும் கண்ணாடிதான்.

இங்கேதான் ரௌட்டருக்கும் ரோடத்துக்கும் நடுவிலான வழக்கு முடிவுக்கு வருகிறது. இருதிசை ஆம்ப்ளிஃபையர் குடிலுக்கு 200 வாட் என்றால் 48 வோல்ட்டில் 4.2 ஆம்பியர். 200 ஆம்பியர்-மணி பேட்டரியில் 80 சதவீதத்தைப் பயன்படுத்தினால் 38 மணி நேரம் ஓடும். அதே பேட்டரியில் 2 கிலோவாட் ரௌட்டர் 4 மணி நேரம்கூடத் தாங்காது, ஏசி நின்ற அறையில் அதற்கும் முன்பே சூடாகி நின்றுவிடும். முதல் வழியைத் தேர்ந்தெடுத்தவருக்கு மயிலாடுதுறையில் பேட்டரி தீர்ந்தால் திருச்சி–சென்னையும் போகும். இரண்டாவது வழியில் அந்த ஊர் மட்டும்தான் இருளும், கடந்துபோகும் ஒளி போய்க்கொண்டே இருக்கும். ஆனால் ஒரு நிபந்தனை: ஒரே நிலையத்தில் ஆம்ப்ளிஃபையர், ரோடம் இவற்றுக்குத் தனி பேட்டரி, ரௌட்டருக்குத் தனி பேட்டரி. ஒரே பேட்டரியில் எல்லாவற்றையும் தொங்கவிட்டால் இந்தக் கணக்கு முழுக்க வீண்.

ஆகவே என் தேர்வு கலப்பு. தூரப் போக்குவரத்துக்கு ஒரு ஜோடி இழையில் ரோடம் லைன், ரௌட்டரில் நேரடியாகச் செருகிய ஓப்பன் இசட்ஆர் ப்ளஸ் மாட்யூல்கள், தனி டிரான்ஸ்பான்டர் (ஒளி மாற்றிப் பெட்டி) அலமாரி இல்லாமல். ஊர்ச் சுமைக்கு இன்னொரு ஜோடியில் ஆம்ப்ளிஃபையரே இல்லாத உயர்சக்தி 400ஜி, ஊருக்கு ஊர். நாகப்பட்டினம், திருவாரூர், வேதாரண்யம் எல்லாம் இந்த இரண்டாவது ஜோடியில் வளையமாக அமையும்.

சி பேண்டில் 4.8 டெராஹெர்ட்ஸ் உண்டு. 75 கிகாஹெர்ட்ஸ் இடைவெளியில் 64 அலைநீளம், தலா 400ஜி என்றால் 25.6 டெராபிட். 800ஜி மாட்யூலை 150 கிகாஹெர்ட்ஸில் போட்டால் 32 அலைநீளம், அதே 25.6. போர்ட் எண்ணிக்கைதான் பாதியாகும், கொள்ளளவு கூடாது. இதைத் தெரியாமல் ‘800ஜி-க்கு மாறினால் இரட்டிப்பு’ என்று திட்ட அறிக்கையில் எழுதுவதைப் பார்க்கலாம். எல் பேண்டைச் சேர்த்தால் நிஜமாகவே இரட்டிப்பாகும். ஆனால் சி பேண்டின் சக்தியை எல் பேண்ட் உறிஞ்சும் ராமன் சிதறலைச் சமாளிக்க, முதல் நாளே காலி இடங்களைப் போலி ஒளியால் நிரப்ப வேண்டும், ஆம்ப்ளிஃபையர்களும் இரட்டை. இழைப் பஞ்சம் உள்ள கடலடி, மாநகரப் பாதைகளுக்கு அது சரி. 96 இழைக் கேபிளில் பாதி சும்மா கிடக்கும் பாதையில் அடுத்த ஜோடியை ஏற்றுவது மலிவு.

ஜி.654இ ஃபைபரைப் பற்றியும் கேட்பார்கள். கி.மீ.க்கு 0.17 டெசிபல், அகன்ற கோர், நீண்ட பாதைக்கு நல்லது. 40 கி.மீ. ஸ்பானில் அது மிச்சப்படுத்துவது 1.2 டெசிபல். நள்ளிரவில் ஜீப்பில் இருக்கும் ஜி.652டி துண்டை நடுவில் வைத்து இணைத்தால் இரண்டு முனையிலும் பொருந்தாமை இழப்பாக அந்த லாபத்தில் ஒரு பங்கு போய்விடும். அடுத்தடுத்த கட்டுகளில் மிச்சமும் போகும்.

ஃபைபரை வாடகைக்கு எடுக்கும்போது

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஓடிடிஆர் (ஒளியைச் செலுத்தி ஃபைபரின் இழப்பைத் தூரவாரியாக அளக்கும் கருவி) படங்களை இரண்டு திசையிலிருந்தும் கேளுங்கள். வெவ்வேறு தயாரிப்பு ஃபைபர்கள் சேரும் இடத்தில் ஒரு திசையில் பார்த்தால் இழப்பே இல்லாததுபோல், ஏன், ஒளி கூடியதுபோலக்கூடக் காட்டும். இரண்டு திசையின் சராசரிதான் உண்மை. 1550-ல் மட்டும் இல்லாமல் 1625 நானோமீட்டரிலும் அளக்கச் சொல்லுங்கள். சேம்பரில் கேபிளை நெருக்கிச் சுருட்டியிருந்தால் அங்கேதான் முதலில் தெரியும்.

ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் ஓடிடிஆர் தூரம், ஜிபிஎஸ் இடம் இரண்டும் ஒரே அட்டவணையில் வேண்டும். ஓடிடிஆர் காட்டுவது ஒளி நடந்த நீளம், சாலையின் நீளம் இல்லை. சுருட்டி வைத்த உபரி 2 சதவீதம் என்றாலே 30 கி.மீ.யில் 600 மீட்டர் பிசகும், இரவில் வேறொரு வாய்க்காலைத் தோண்டிக்கொண்டிருப்பார்கள். அருகிலுள்ள ஜாயின்ட்டிலிருந்து கணக்கிட்டால் அந்தப் பிசகு பத்து இருபது மீட்டருக்குள் அடங்கும்.

கொள்ளிடம் கடப்பின் குறுக்குவெட்டு வரைபடம், எந்தப் பாலம், பாலத்தின் எந்தப் பக்கம், அல்லது படுகைக்கு எத்தனை மீட்டர் கீழே என்ற விவரம் தனி இணைப்பாக இருக்கட்டும். இன்னொரு நிறுவனத்திடம் எடுத்த இரண்டாவது பாதையின் வரைபடத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் அணைக்கரையில் ஒரே பாலத்தில் ஏறுகின்றனவா என்று அப்போதுதான் தெரியும். பாதையை மாற்றினால் 30 நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும் என்று ஒரு வரியும், தூர்வாரும் பருவத்தில் வாய்க்கால் கடப்புகளில் ஆள் நிறுத்த வேண்டும் என்று ஒரு வரியும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டாவது வரிக்கு வாடகையில் கொஞ்சம் கூட்டிக் கேட்டால் கொடுத்துவிடலாம்.